பழைய பவர் சப்ளையில் புதிய மதர்போர்டு: வாட் எண்ணுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

கணினியைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மதர்போர்டு, பிராசசர், ரேம் ஆகிய மூன்றை மட்டுமே வாங்குகிறார்கள். கணினிக் கூடும், அதற்குள் சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டியான பவர் சப்ளையும் பழையவையாகவே இருந்துவிடுகின்றன. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். டியூஷன் நிலையம் நடத்துகிறவர்கள், சிறிய கணக்கு அலுவலகங்கள், கோயில் நிர்வாகத்தினர், பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கணினியைச் சீர்செய்ய வரும் பெற்றோர் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பவர் சப்ளை நல்லாத்தானே ஓடுது, 500 வாட்டுன்னு போட்டிருக்கு, அதையே வச்சிக்கலாமா?"

கேள்வி நியாயமானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு 200 ரிங்கிட் என்பது சிறிய தொகையும் அன்று. ஆனால் அந்தக் கேள்விக்கான விடை 500 என்ற எண்ணில் இல்லை. அந்த 500 வாட்டில் எத்தனை வாட் 12 வோல்ட் தடத்தில், அதாவது 12 வோல்ட் மின்சாரம் வரும் கம்பிகளில், கிடைக்கிறது, அந்தப் பெட்டி எந்தக் காலத்துக் கணினிக்காக வடிவமைக்கப்பட்டது, அதன் உள்ளுறுப்புகள் எத்தனை ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்திருக்கின்றன என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

பவர் சப்ளை ஒரே மின்னழுத்தத்தை மட்டும் தரும் கருவி அன்று. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், ஆரஞ்சுக் கம்பியில் 3.3 வோல்ட் என மூன்று முதன்மைத் தடங்களும், கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் நிற்காத 5 வோல்ட் காத்திருப்புத் தடம் ஊதாக் கம்பியிலும் வருகின்றன. மேசைக்கணினியின் மதர்போர்டும் பவர் சப்ளையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏ.டி.எக்ஸ். வரையறையை 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்டபோது, பிராசசர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களிலிருந்தே எடுத்தது. 12 வோல்ட் என்பது வன்தட்டின் மோட்டாருக்கும் விசிறிக்கும் உரியதாக இருந்தது. பிராசசரின் பசி வளர வளர, 5 வோல்ட்டில் அத்தனை ஆம்பியரைக் கம்பி வழியாகக் கொண்டுவருவது கடினமாயிற்று. அதனால் இன்டெல்லின் பென்டியம் 4 பிராசசர் வெளிவந்த 2000-ஆம் ஆண்டில் பிராசசருக்கென்றே 12 வோல்ட் தரும் நான்கு பின் கனெக்டர் (பின் என்பது உலோக முனை) சேர்க்கப்பட்டது. 2003-இல் வந்த ஏ.டி.எக்ஸ்.12வி 2.0 வரையறை, 20 பின்களாக இருந்த முதன்மைக் கனெக்டரை 24 ஆக்கி, மின்சாரத்தின் பெரும்பங்கை 12 வோல்ட் தடத்துக்கு மாற்றியது. பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில், பாயான் லெப்பாஸில், 1972 முதல் இன்டெல்லின் தொழிற்சாலை இயங்கிவருகிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் என் கடைக்கு வருவதுண்டு. அவர்களுக்கு இந்த வரலாற்றை நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மற்றவர்களுக்கு லேபிளைக் காட்டித்தான் விளக்குகிறேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய 450 வாட் பவர் சப்ளையின் லேபிளை உரித்து வைத்திருக்கிறேன். அதில் 3.3 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என அச்சிட்டிருக்கிறது. 12 வோல்ட்டை 18 ஆம்பியரால் பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது. மீதமுள்ள திறன் முழுவதும் இன்றைய மதர்போர்டு அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களில் முடங்கிக் கிடக்கிறது. இன்று கடையில் வாங்கும் நல்ல 450 வாட் பவர் சப்ளை ஒன்றில் 12 வோல்ட் தடம் மட்டுமே 36 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 432 வாட், தருகிறது. இரண்டு பெட்டிகளின் மேலும் 450 என்றுதான் எழுதியிருக்கும். புதிய பிராசசரைப் பொறுத்தவரை ஒன்று மற்றொன்றில் பாதிதான்.

இதைப் புதிய மதர்போர்டு கேட்கும் அளவோடு வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். இன்டெல் கோர் ஐ5 12400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழுவேகத்தில் ஓடும்போது அது 117 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. மதர்போர்டில் உள்ள மின்னழுத்த மாற்றிகளில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் 12 வோல்ட் தடத்திலிருந்து ஏறத்தாழ 11 ஆம்பியர் போகிறது. தனிக் கம்பி தேவைப்படாத சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால், அந்தச் செருகுவாய் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றரை அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் மேலும் 2 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். விசிறிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. இவை எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பது அரிது என்றாலும், கூட்டிப் பார்த்தால் அந்த 18 ஆம்பியரின் விளிம்புக்குப் போய்விடுகிறோம். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினியாக இருந்தால் அதே பெட்டி தாங்கவும் கூடும். அதனால்தான் சிலருக்குப் பழைய பெட்டி ஒத்துப்போகிறது, சிலருக்கு ஒத்துப்போவதில்லை.

லேபிளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003-க்குப் பிந்தைய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட் தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு 14 ஆம்பியர், மற்றொன்றுக்கு 15 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் கூட்டி 29 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் கீழே சிறிய எழுத்தில் இரண்டுக்கும் சேர்த்து உச்ச அளவு இத்தனை வாட் என்று இருக்கும். அந்த எண்ணை 12-ஆல் வகுத்துக் கிடைப்பதே உண்மையான ஆம்பியர். அந்தச் சிறிய எழுத்தே இல்லாத லேபிளை நான் நம்புவதில்லை.

லேபிளில் இருப்பது வாக்குறுதி. கம்பியில் வருவது வேறாக இருக்கலாம். பக்கத்து ஊரான பிறையில் ஒரு டியூஷன் நிலையம் பாடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் கணினியில் ஐ5 12400, புதிய மதர்போர்டு, சிறிய கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் வேறொரு கடையில் பொருத்தியிருந்தார்கள். பவர் சப்ளை மட்டும் பழையது. ஆவணங்களைத் திறந்து மூடும்வரை எந்தக் குறையும் இல்லை. காணொளியைத் தொகுத்து வெளியெடுக்கும்போது பாதியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கிவிடும். விண்டோஸைப் புதிதாக ஏற்றியும் பார்த்துவிட்டார்கள், ரேமை மாற்றியும் பார்த்துவிட்டார்கள்.

நான் கணினியைத் திறந்து, பயன்படாமல் தொங்கிக்கொண்டிருந்த பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியின் பின்னிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்தேன். கணினி சும்மா இருந்தபோது 12.08 வோல்ட் காட்டியது. சிவப்புக் கம்பியில் 5.04 இருந்தது. இரண்டும் சரியான அளவுகளே. காணொளியை வெளியெடுக்கத் தொடங்கச் சொன்னேன். 12.08 இருந்த இடத்தில் 11.7, 11.6 என்று இறங்கி 11.43-இல் நின்று ஆடியது. உடனே முனையை மாற்றிச் சிவப்புக் கம்பியைப் பார்த்தால் 5.22-க்கு ஏறியிருந்தது. அடுத்த நிமிடமே திரை கறுத்துக் கணினி மறுபடி தொடங்கியது. ஏ.டி.எக்ஸ். வரையறை இந்தத் தடங்களில் ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கத்தைத்தான் அனுமதிக்கிறது: 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது. 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி அளவு. கண்ணுக்குத் தெரியாத நொடிப்பொழுதுச் சரிவுகள் அதைவிட ஆழமாக இருந்திருக்கும்.

ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏன் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பழைய பெட்டிகளின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும். பழைய வடிவமைப்பில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே இரும்புக் கருவில் சுற்றிய கம்பிச்சுருள் வழியாக வருகின்றன. இரண்டின் சராசரியைப் பார்த்து ஒரே கட்டுப்பாட்டுச் சில்லு இரண்டையும் சேர்த்தே சரிசெய்கிறது. 12 வோல்ட்டில் சுமை கூடி அது தாழும்போது, கட்டுப்பாட்டுச் சில்லு மொத்தத்தையும் உயர்த்தப் பார்க்கிறது. 5 வோல்ட்டிலோ சுமை இல்லை, ஆகவே அது தேவைக்கு மேல் எகிறுகிறது. பழைய மதர்போர்டுகள் 5 வோல்ட்டிலும் நிறைய மின்சாரத்தை எடுத்ததால் இரு பக்கமும் சமனாக இருந்தது. புதிய மதர்போர்டு எடுப்பதில் பெரும்பகுதி 12 வோல்ட்டிலிருந்தே போகிறது. இன்றைய நல்ல பவர் சப்ளைகள் முதலில் 12 வோல்ட்டை மட்டும் உருவாக்கி, அதிலிருந்து தனித்தனிச் சிறு மாற்றிகள் வழியாக 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் பிரித்தெடுக்கின்றன; அதனால் ஒன்றின் சுமை மற்றொன்றைப் பாதிப்பதில்லை. டியூஷன் நிலையத்தின் கணினியில் அவ்வகைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி அதே காணொளியை ஓட்டியபோது 12.05-இலிருந்து 11.97-க்கு மட்டுமே இறங்கியது. வேலையும் முழுதாக முடிந்தது.

சுமை கூடும்போது விழுவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சுமை குறையும்போதும் பழைய பவர் சப்ளை தடுமாறும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் தலைமுறை வந்தபோது, வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் சி6, சி7 எனப்படும் ஆழ்ந்த உறக்கநிலைகளுக்குப் போய், தனக்குரிய 12 வோல்ட் தடத்தில் வெறும் 0.05 ஆம்பியர் அளவுக்கே எடுக்கும் நிலை உருவானது. அதற்கு முந்தைய வரையறையைப் பின்பற்றிய பெட்டிகள் அந்தத் தடத்தில் குறைந்தது 0.5 ஆம்பியராவது போகும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. சுமை அதற்கும் கீழே போனால், தடத்தின் மின்னழுத்தம் எல்லை மீறி, பாதுகாப்புச் சுற்று பெட்டியையே நிறுத்திவிடலாம். அல்லது கணினி உறைந்து நின்றுவிடலாம்.

ஒரு கோயில் அலுவலகத்தில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசசர் கொண்ட கணினி இப்படித்தான் இருந்தது. பகலில் ரசீது அடிக்கும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் பிரச்சினை இல்லை. இரவில் ஓடவிட்டுச் சென்றால் காலையில் திரை உறைந்திருக்கும். விசைப்பலகையின் விளக்கு எரியும், எந்த விசைக்கும் மறுமொழி இருக்காது. வைரஸ் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். பல ஏ.எம்.டி. மதர்போர்டுகளின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கத்தில்) 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற அமைப்பு ஒன்று உண்டு. அதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினால் பிராசசர் அத்தனை ஆழமாக உறங்காது, தடத்தில் போதிய சுமை தொடர்ந்து இருக்கும். மாற்றிய பிறகு அந்தக் கணினி உறைவது நின்றது. இன்டெல் மதர்போர்டுகளில் சி6, சி7 நிலைகளை நிறுத்திவைத்து இதே பயனைப் பெறலாம். இப்படிச் செய்வதால் சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகச் செலவாகும். அந்தக் கோயிலுக்கு இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது. அங்கே கிராபிக்ஸ் கார்டும் இல்லை, கனமான வேலையும் இல்லை. பவர் சப்ளையை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த ஒரு அமைப்பைப் பார்ப்பது யாருக்கும் செலவில்லாத காரியம்.

இனிக் கனெக்டர்கள். பொருந்துகிறது என்பதாலேயே சரியானது என்று நினைக்கக் கூடாது என்பதை இந்த விஷயத்தில் நான் வலியுறுத்திச் சொல்வேன், ஏனென்றால் இங்கே நேரும் தவறுகளுக்கு மறுவாய்ப்பு இருப்பதில்லை.

20 பின் கனெக்டரை 24 பின் செருகுவாயில் ஒரு பக்கமாகத் தள்ளிச் செருக முடியும். நான்கு துளைகள் காலியாக நிற்கும். கணினி தொடங்கவும் செய்யும். அந்த நான்கு பின்களும் 12, 5, 3.3 வோல்ட் தடங்களுக்கு ஒவ்வொரு கூடுதல் பின்னையும் ஒரு புவி பின்னையும் (கறுப்புக் கம்பியின் பின்) தருபவை. 20 பின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு பின்தான். கிராபிக்ஸ் செருகுவாய்க்கும் மற்றவற்றுக்கும் போக வேண்டிய மின்சாரம் முழுவதும் அந்த ஒரு பின் வழியாகப் போனால் அது சூடாகும். மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் கருகியிருக்கும் பல மதர்போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். 20-ஐ 24 ஆக்கும் இணைப்புக் கம்பிகள் விற்கிறார்கள். அவை வடிவத்தைத்தான் மாற்றுகின்றன. பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட் கம்பி ஒன்று என்றால், ஒன்றே இரண்டு பின்களுக்குப் பிரிகிறது.

பிராசசருக்கான நான்கு பின் கனெக்டரைப் புதிய மதர்போர்டின் எட்டு பின் செருகுவாயில் பாதியாகச் செருகுவது பற்றிப் பலர் அஞ்சிக் கேட்கிறார்கள். 65 வாட் வகைப் பிராசசருக்கு நல்ல கம்பியாக இருந்தால் இது பெரும்பாலும் ஓடும். பெரிய பிராசசருக்கு ஓட்டக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. பிராசசருக்கான எட்டு பின் கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் கனெக்டரும் பார்வைக்கு இரட்டையர் போல இருக்கும். முதலாவதில் மஞ்சள் கம்பிகள் கொக்கி இருக்கும் பக்கம் வரும். இரண்டாவதில் கொக்கிப் பக்கம் கறுப்புக் கம்பிகள். பின்களின் வடிவம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் எளிதில் நுழையாது. ஆனால் நுழையவில்லை என்று கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், தள்ளினால் நேரடிக் குறுக்குச்சுற்றுதான். கம்பிகள் முழுவதும் கறுப்பாக இருக்கும் புதிய பெட்டிகளில் நிறத்தை வைத்து அறியவும் வழியில்லை. கனெக்டரின் மேலே உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும்.

மனத்தை மிகவும் வருத்திய நிகழ்வு ஒன்று கழற்றி மாட்டும் கம்பிகளால் வந்தது. திருமணப் புகைப்படம் எடுக்கும் ஒரு தம்பி, பழைய பவர் சப்ளை போய்விட்டதும் புதிய ஒன்றை வாங்கி, கணினிக்குள் ஏற்கெனவே அழகாகக் கட்டிவைத்திருந்த, வன்தட்டுக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கம்பிகளைக் கழற்றாமல், புதிய பவர் சப்ளையின் பின்புறத்தில் செருகிவிட்டார். கம்பியின் வன்தட்டு முனை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. பவர் சப்ளை பக்க முனைக்கோ பொதுவான வரையறை எதுவும் இல்லை. எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையேகூட மாறலாம். அவருடைய வன்தட்டுகளில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து, இரண்டு வன்தட்டுகளின் சுற்றுப்பலகைகளும் பொசுங்கிவிட்டன. அவற்றில் வாடிக்கையாளர்களின் திருமணப் படங்கள் இருந்தன. புதிய பவர் சப்ளை வாங்கினால் அதனோடு வந்த கம்பிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய கம்பிகள் எத்தனை நன்றாக இருந்தாலும் அவற்றைப் பழைய பெட்டியோடு சேர்த்தே கழற்றி எடுத்துவிடுங்கள்.

வயதைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊரின் தட்பவெப்பத்தையும் சேர்த்தே பேச வேண்டும். பவர் சப்ளையின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதிலுள்ள, மின்சாரத்தைத் தேக்கிவைத்துத் தரும் மின்பகுபொருள் கெப்பாசிட்டர்கள்தான். அவற்றுள் சில 85 பாகை செல்சியஸ் வரையும் நல்லவை 105 பாகை வரையும் தாங்குமாறு செய்யப்பட்டவை. வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. குளிர்நாட்டில் ஒரு பெட்டி பத்தாண்டு உழைத்தது என்று இணையத்தில் படித்துவிட்டு, பகலில் 32 பாகையும் அதற்கு மேலும் போகும் பினாங்கில், குளிர்சாதனம் இல்லாத அறையில், மேசைக்கடியில் தூசு படிந்து கிடந்த பெட்டிக்கும் அதையே எதிர்பார்க்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் குறையுள்ள மின்பகுபொருள் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் புகுந்து, தலை வீங்கி வெடித்தன; அந்தக் காலத்துப் பெட்டி யாரிடமாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் புதிய மதர்போர்டோடு சேர்க்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விசிறித் துளையின் அருகே முகர்ந்தால் மீன்வாடை போன்ற ஒரு வாடை அடித்தால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது என்று பொருள்.

கடலோரத்தில் இருப்பதால் உப்புக்காற்றும் உண்டு. பெட்டியின் திருகுகளில் துரு ஏறியிருந்தால் உள்ளே கனெக்டர்களையும் பார்ப்பேன். எறும்புகள் கூடு கட்டுவதும், பல்லி உள்ளே நுழைந்து உயர் மின்னழுத்தப் பகுதியில் இரு முனைகளைத் தொட்டு இறந்து பெட்டியையும் எரித்துவிடுவதும் இங்கே வழக்கமாகக் காணும் காரணங்கள். பருவமழைக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலைதோறும் இடி மின்னல் வருகிறது; சுவரிலிருந்து மூன்று பின் பிளக்கைக் கழற்றி வைப்பதை விடச் சிறந்த பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டிகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறச் சிறு சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும் நிலையில் நம் 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால் சுவிட்சைப் போட்ட அந்தக் கணமே வெடிச்சத்தம் கேட்கும்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகிதக் கொக்கியால் இணைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து, "நல்லா இருக்கு" என்று முடிவுகட்டும் சோதனை எங்கும் பரவியிருக்கிறது. பச்சைக் கம்பி என்பது மதர்போர்டு பெட்டியைத் தொடங்கச் சொல்லும் கம்பி. அதைப் புவியோடு இணைத்தால் தொடங்கும், அவ்வளவுதான். சுமை இல்லாதபோது பழுதான பெட்டிகூட 12 வோல்ட் காட்டக்கூடும். கணினியில் பொருத்தி, பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒன்றாக அரைமணி நேரம் ஓடவிட்டு, அந்த நேரத்தில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றையும் அளந்து பார்ப்பதே சோதனை. அதன் பிறகு கணினியை உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்பியும், முழுதாக அணைத்து இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் தொடக்கியும் பார்க்கிறேன். முதுமையடைந்த கெப்பாசிட்டர்கள் குளிர்ந்திருக்கும்போதுதான் தங்கள் நிலையைக் காட்டும்: முதல் முறை தொடங்காமல், இரண்டாம் மூன்றாம் முறையில் தொடங்கும் கணினி அந்த வகையே.

வைத்துக்கொள்ளத் தகுந்த பழைய பெட்டிகளும் நிச்சயமாக உண்டு. நல்ல தயாரிப்பாளரின் பெட்டியாக இருந்து, லேபிளின் மொத்த வாட்டும் 12 வோல்ட் தடத்தின் வாட்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, பிராசசருக்கு எட்டு பின் கனெக்டர் வந்து, ஏழு அல்லது பத்தாண்டு உத்தரவாதத்தின் காலம் இன்னும் முடியாமல் இருந்தால், அதைப் புதிய மதர்போர்டோடு சேர்த்துக்கொள்ள நான் தயங்குவதில்லை. அப்படிப்பட்ட பெட்டியை மாற்றச் சொல்லி வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது நியாயமாகாது. ஆனால் புதிய உயர்ரகக் கிராபிக்ஸ் கார்டையும் சேர்க்கப்போகிறார்கள் என்றால் கணக்கு மாறிவிடும். இவ்வகைக் கார்டுகள் மிகக் குறுகிய நேரத்துக்குத் தங்கள் சராசரியைப் போல் இரு மடங்குக்கு அருகிலும் மின்சாரத்தை இழுக்கின்றன. 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை, 450 வாட்டுக்கு மேற்பட்ட அவ்வகைப் பெட்டிகள் 100 மைக்ரோ நொடிக்குத் தம் அளவின் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். பழைய பெட்டி அந்த எகிறலைக் குறுக்குச்சுற்று என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். விளையாட்டின் நடுவில் கணினி பட்டென்று நின்றுபோகிறது என்று கொண்டுவரப்படும் கணினிகளில் கணிசமானவை இந்த வகையே.

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ ஜார்ஜ்டவுனிலோ 550 வாட் அளவில் ஒரு நல்ல பவர் சப்ளை ஏறத்தாழ 200 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றுக்கும் ஆயிரத்துக்கு மேல் செலவழிக்கிறவர்களிடம், பிராசசரில் ஒரு படி கீழே இறங்கியாவது இதை வாங்குங்கள் என்று சொல்கிறேன். ஒரு படி வேகம் குறைந்த பிராசசரோடு பிள்ளைகள் படித்துவிடுவார்கள்; தேர்வுக்கு முந்தைய இரவில் பயிற்சிக் கட்டுரையோடு அணைந்துபோகும் கணினியோடு படிக்க முடியாது.

கழற்றிய பழைய பெட்டியை ஆர்வத்தால் திறந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர் மூடியில் கை வைக்கக் கூடாது. பழைய பெட்டிகளை வீட்டுக் குப்பையில் போடவும் வேண்டாம். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனிக் குறியீடே உண்டு, உரிமம் பெற்ற நிறுவனங்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. நான் கழித்துவிட்ட பெட்டிகளின் 24 பின் கனெக்டரை வெட்டி எடுத்த பிறகே கழிவுக்குக் கொடுக்கிறேன். வெட்டாமல் கொடுத்தவை சில மாதங்களில் 'இரண்டாம் கை, 500 வாட்' என்ற ஒட்டுத்தாளோடு வேறொருவரின் புதிய மதர்போர்டில் வந்து சேர்வதை இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.